கணவர் அனுப்பிய பணம், மனைவி வாங்கிய சொத்து: 2023 சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் விவாகரத்து வழக்குகளும்

1965இல் கல்யாணம் ஆன ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி. 1980களின் தொடக்கத்தில் கணவர் வேலைக்காக சவூதி அரேபியா போகிறார். மனைவி பிள்ளைகளோடு ஊரிலேயே இருக்கிறார். தனக்கென்று சம்பளம் கிடையாது. கணவர் பணம் அனுப்புகிறார். அதை வைத்துக் குடும்பத்தை நடத்தி, மிச்சம் பிடித்து, மனைவி நிலம், வீடு, நகை என்று சேர்க்கிறார். 1994இல் கணவர் ஊர் திரும்புகிறார். வந்ததும் சண்டை. எல்லாம் என் சம்பாத்தியம், இவள் அபகரிக்கப் பார்க்கிறாள் என்கிறார் அவர். மனைவியின் நடத்தை மீதும் பழி சுமத்துகிறார். விஷயம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறது. வழக்கு நடக்கும்போதே கணவர் இறந்துவிட, பிள்ளைகள் அவருடைய இடத்தில் நின்று தாய்க்கு எதிராக வழக்கைத் தொடர்கிறார்கள்.

வழக்கில் இருந்தவை ஐந்து சொத்து இனங்கள். 2015இல் கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிலவற்றில் மனைவிக்கு உரிமை இல்லை என்றது. இரண்டாம் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. 2023 ஜூன் 21 அன்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார்: கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சரிபாதி உண்டு.

அன்றைக்கு எல்லாச் செய்திகளிலும் வந்த தலைப்பு, 'கணவர் சொத்தில் இல்லத்தரசிக்குச் சம உரிமை'. அதைப் பார்த்துவிட்டு, விவாகரத்துக்குப் போகும் பெண்கள் பலர் தங்களுக்குப் பாதி வீடு தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி வராது. இந்தத் தீர்ப்பு முக்கியமானது. நம் நீதிமன்றங்களில் இப்படி ஒரு வாதம் ஜெயித்ததே பெரிய விஷயம். ஆனால் அது எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்று பிரித்துப் பார்க்காவிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

தீர்ப்பின் அடிப்படை

கணவர் தரப்பின் வாதம் நமக்குப் பழக்கமானதுதான். பணம் என்னுடையது, மனைவி அதைக் கையாண்டார், அவ்வளவுதான், எனவே சொத்தும் என்னுடையது. யார் கையிலிருந்து பணம் போனது என்பதை மட்டும் பார்க்கும் சட்ட மரபில் இந்த வாதத்துக்குப் பலம் அதிகம். சொத்துக்குப் பணம் கொடுத்தவரே உண்மையான உரிமையாளர் என்று காட்டுவதற்குத்தான் வக்கீல்கள் வங்கி ரசீதுகளையும் பணவிடைத் தாள்களையும் அடுக்குவார்கள்.

நீதிபதி கேள்வியையே மாற்றிப்போட்டார். அந்தப் பணம் எப்படி மிச்சமாயிற்று? கணவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் நிம்மதியாக வேலை பார்க்க முடிந்தது யாரால்? வீட்டில் இருக்கும் மனைவி திட்டமிடுகிறார், வரவு செலவு பார்க்கிறார், சமைக்கிறார், நோய் வந்தால் கவனிக்கிறார், பிள்ளைகளை வளர்க்கிறார்; இதற்கு விடுமுறையோ நேரக்கணக்கோ கிடையாது. அவரை 'சும்மா இருப்பவர்' என்று சட்டம் பார்க்க முடியாது என்று தீர்ப்பு விரிவாகச் சொல்கிறது. கணவனும் மனைவியும் குடும்ப வண்டியின் இரு சக்கரங்கள் என்றால், ஒருவர் சம்பாதித்தும் மற்றவர் குடும்பத்தைக் கவனித்தும் செய்த பங்களிப்பு இரண்டுமே குடும்ப நலனுக்கானவை. ஆகவே பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், அது இருவரின் கூட்டு உழைப்பில் மிச்சமான பணத்தில் வாங்கியது என்றே கருத வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. மனைவியின் பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் இயற்றப்படவில்லை என்பதை நீதிபதி மறைக்கவில்லை. சட்டம் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அதை அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லையே என்று அடுத்த அடி எடுத்து வைக்கிறார். துணிச்சலான அடி. அதே சமயம் அந்த அடி எவ்வளவு மெல்லிய தரையில் விழுகிறது என்பதும் அந்த வரியிலேயே தெரிகிறது.

வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே ஏற்றிருந்தது, ஆனால் விபத்து இழப்பீட்டு வழக்குகளில். 2021 ஜனவரியில் அப்படி ஒரு வழக்கில், 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். சாலை விபத்தில் இறந்துபோனால் ஒரு இல்லத்தரசியின் உழைப்புக்கு ரூபாய்க் கணக்கு போட நம் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. உயிரோடு இருந்து, உரிமை கேட்டு நிற்கும்போது அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதுதான் 2023 தீர்ப்பின் புதுமை.

விவாகரத்தில் இது எங்கே நிற்கிறது?

முதலில் கவனிக்க வேண்டியது, இது விவாகரத்து வழக்கே அல்ல. அந்தத் தம்பதி பிரிந்து நின்றார்கள், ஆனால் திருமணம் ரத்தாகவில்லை. இது சாதாரண வித்தியாசம் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் மனைவி முதல் வகுப்பு வாரிசு. விவாகரத்து ஆகிவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்கு அப்படியே இருக்கும், அம்மாவுக்கு இருக்காது. ஆகவே விவாகரத்து ஆகும் பெண்ணுக்குச் சொத்துப் பங்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது. ஆனால் அங்கேதான் சட்டம் கையை விரிக்கிறது.

இந்து திருமணச் சட்டம், 1955இல் சொத்து பற்றிப் பேசுவது 27ஆவது பிரிவு மட்டும்தான். அதுவும் கல்யாணத்தின்போது அல்லது அதையொட்டிக் கொடுக்கப்பட்டு, இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களைப் பற்றியது. பீரோ, கட்டில், பாத்திரம், அன்பளிப்புகள் என்று நினைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி எட்டாம் வருடம் வங்கிக் கடனில் வாங்கிய வீடு அதில் வராது. இருபது வருடம் இருவரும் சேர்ந்து கட்டிய வாழ்க்கையில் பீரோவைப் பிரிக்க ஒரு பிரிவு இருக்கிறது, வீட்டைப் பிரிக்க இல்லை. இது அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

அப்படியானால் வழி என்ன? குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 7ஆவது பிரிவு, கணவன் மனைவிக்கிடையே அவர்களுடைய சொத்து பற்றிய வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தைக் குடும்ப நல நீதிமன்றத்துக்குத் தருகிறது. விவாகரத்து மனுவோடு நிற்காமல், சொத்தில் தனக்குப் பாதி உண்டு என்று அறிவிக்கக் கோரித் தனி வழக்குப் போடலாம். அங்கே 2023 தீர்ப்பை முன்வைக்கலாம். தமிழ்நாட்டில் உள்ள கீழ் நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். இது தனி நீதிபதியின் தீர்ப்பு, விவாகரத்து சம்பந்தப்பட்டதல்ல, அந்த மனைவி தானே முன்நின்று சொத்துகளை வாங்கி நிர்வகித்தவர், இங்கே நிலைமை வேறு என்பார். அந்த வாதத்துக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். குடும்பத்தை நடத்தியது, கணவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தது, மனைவி வேலையை விட்டது, அவருடைய நகை அடகுக்குப் போனது என்று எல்லாவற்றையும் வழக்குரையிலேயே தேதிவாரியாக எழுதியாக வேண்டும். 'நான் நல்ல மனைவியாக இருந்தேன்' என்று பொதுவாக எழுதினால் போதாது.

பத்திரம் மனைவி பெயரிலேயே இருந்தால் நிலைமை கொஞ்சம் சுலபம். 1988இன் பினாமி தடைச் சட்டம், கணவர் தன் பணத்தில் மனைவி பெயரில் வாங்கினால் அது மனைவியின் நன்மைக்காகவே என்று, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை கருதச் சொன்னது. 2016 திருத்தத்துக்குப் பிறகும், கணக்கில் காட்டிய வருமானத்தில் மனைவி பெயரில் வாங்கும் சொத்து பினாமி என்ற வரையறைக்குள் வராது. ஆனாலும் அந்த உரிமையை எதிர்த்துக் கணவர் வழக்கே போட முடியாது என்று இல்லை.

நகை விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பெண்ணுக்குப் பிறந்த வீடு போட்டது, கணவர் வீடு அவருக்கென்று போட்டது எல்லாம் ஸ்ரீதனம். அது அவருடைய தனிச் சொத்து. 2024 ஏப்ரலில் ஒரு கேரளத் தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதிசெய்தது. கல்யாணத்தன்று போட்ட 89 சவரன் நகையைப் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிய கணவர் திருப்பித் தரவில்லை. உயர் நீதிமன்றம் ஆதாரம் போதாது என்று மனைவிக்கு எதிராகச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. இது குற்ற வழக்கு அல்ல, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பயன். கல்யாண ஆல்பத்தைக்கூட ஆதாரமாக மதிக்கலாம் என்று தைரியம் தரும் நிலைப்பாடு அது.

ஜீவனாம்சம்: பங்குக்குப் பதிலா?

சொத்தைப் பிரிக்கச் சட்டம் இல்லாததால் நம் ஊரில் எல்லாப் பாரமும் ஜீவனாம்சத்தின் தலையில் விழுகிறது. வழக்கு நடக்கும்போது இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவு. முடிந்த பிறகு நிரந்தர ஜீவனாம்சத்துக்கு 25ஆவது பிரிவு. எந்த மதத்தவரானாலும் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு.

சொத்துப் பங்குக்கும் ஜீவனாம்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சொத்தில் பாதி என்பது நான் உழைத்ததற்கு எனக்குச் சேர வேண்டியது. மறுமணம் செய்தாலும் அது போகாது, எனக்கு வேலை கிடைத்தாலும் குறையாது. ஜீவனாம்சம் அப்படியல்ல. எனக்குத் தேவை இருக்கிறது, அவருக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது என்று காட்டினால்தான் கிடைக்கும். நிலைமை மாறினால் தொகையை மாற்றலாம். மறுமணம் செய்தால் உத்தரவையே ரத்து செய்யலாம். 1965இல் கல்யாணமாகி முப்பது வருடம் குடும்பத்தைத் தாங்கிய ஒரு பெண்ணிடம், உனக்கு எவ்வளவு தேவை என்று கேட்பதும், உனக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று கேட்பதும் ஒன்றல்ல.

உச்ச நீதிமன்றமும் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கிறது. 2024 டிசம்பரில், பெரும் பணக்காரரான ஒருவரின் விவாகரத்து வழக்கில் மனைவிக்கு 12 கோடி ரூபாய் நிர்ணயித்த அமர்வு, முன்னாள் கணவரின் இன்றைய செல்வத்துக்கு இணையாகத் தன்னையும் உயர்த்தக் கேட்பதற்கு ஜீவனாம்சம் வழியல்ல என்றது. ஜீவனாம்சத்தின் நோக்கத்தை வைத்துப் பார்த்தால் அது சரிதான். ஆனால் சமமாகப் பிரிக்க வேறு வழியும் இல்லை என்றால் அந்தப் பெண் எங்கே போவார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்? சூத்திரம் கிடையாது. 2017இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஒரு அளவுகோல், சட்டம் அல்ல. 2025 மே மாதம், 1997இல் திருமணமான ஒரு தம்பதியின் வழக்கில், உயர் நீதிமன்றம் தந்த மாதம் 20,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் 50,000 ஆக உயர்த்தி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டச் சொன்னது. அந்த மனைவி மறுமணம் செய்யவில்லை, தனியாக வாழ்கிறார், திருமண வாழ்வில் இருந்த தரம் அவருக்கு உரியது என்பது காரணம். விலைவாசியும் கணக்கில் வந்தது. ஆண்டுதோறும் மனுப் போடாமல் தானாகத் தொகை உயர இப்படி ஒரு வாசகத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. பல உத்தரவுகளில் இது இருப்பதில்லை. பத்து வருடம் முன்பு நிர்ணயித்த தொகையை அப்படியே வாங்கிக்கொண்டிருப்பவர்களின் நிலை பரிதாபமானது.

நடைமுறையில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் 4 தீர்ப்பு. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் அதில் வகுத்த விதிகளின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் குறிப்பிட்டுப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தொகை மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். ஒரே சமயத்தில் பல சட்டங்களின் கீழ் தொகை வாங்கினால் ஒன்றை இன்னொன்றில் கழித்துக்கொள்ள வேண்டும். கணவருக்குச் சம்பளச் சீட்டு இருந்தால் இது நன்றாக வேலை செய்கிறது. கடை வைத்திருப்பவர், சொந்தத் தொழில் செய்பவர், ரொக்கத்தில் புழங்குபவர் என்றால் பிரமாணப் பத்திரத்தில் மாதம் பதினைந்தாயிரம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அங்கே வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வாகனக் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் என்று வாழ்க்கைத் தரத்தைக் காட்டித்தான் உண்மை வருமானத்தை நீதிபதிக்குப் புரியவைக்க முடியும். பொய் சொன்னால் அதற்கான நடவடிக்கையும் கேட்கலாம்.

மொத்தமாக ஒரு தொகையா, மாதாமாதமா? முடிந்தால் மொத்தமாக, அதுவும் வீட்டு வடிவில் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. 25ஆவது பிரிவின்படி, தரவேண்டிய தொகைக்குக் கணவரின் அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்றும்படி, அதாவது அந்தச் சொத்தையே தொகைக்கு ஈடாக வைக்கும்படி, நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்த வசதியைப் பலர் கேட்பதே இல்லை. மேலே சொன்ன 2025 வழக்கில், உயர் நீதிமன்றம் மனைவி குடியிருந்த ஃபிளாட்டின் அடமானத்தை மீட்டுப் பத்திரத்தை அவர் பெயருக்கு மாற்றித்தரவும் கணவருக்கு உத்தரவிட்டிருந்தது. சொத்தைப் பிரிக்கச் சட்டம் இல்லாத ஊரில், ஜீவனாம்சத்தின் வழியாகவே ஒரு வீடு வருவதற்கு இது உதாரணம்.

பக்கத்து நாடுகளில்

நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில், 1961இன் மகளிர் சாசனத்தின் 112ஆவது பிரிவு விவாகரத்தில் சொத்தைப் பிரிக்கும்போது வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்ததைப் பங்களிப்பாக எடுக்கச் சொல்கிறது. ஒருவர் மட்டும் சம்பாதித்த நீண்டகாலத் திருமணங்களில் சமபங்கை நோக்கியே போகலாம் என்று அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆவது பிரிவு, 2018 டிசம்பரில் அமலான திருத்தத்துக்குப் பிறகு, சமமாகப் பிரிப்பதையே நோக்கமாகக் கொள்ளச் சொல்கிறது. இந்தியாவுக்குள்ளேயே கோவாவில், போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சிவில் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் திருமணச் சொத்து இருவருக்கும் பொது. ஒரே மாதிரி உழைத்த ஒரு பெண் கோலாலம்பூரில் பாதி வீட்டோடு வெளியே வருகிறார், மதுரையில் மாதத் தொகைக்கான உத்தரவோடு வருகிறார்.

நாடாளுமன்றம் இதைத் தொடாமலும் இல்லை. திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் ஏற்பாட்டோடு 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல் 2014இல் காலாவதியானது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் செய்ததை, பத்து வருடம் முன்பே சட்டமாகச் செய்திருக்கலாம்.

வழக்குக்குப் போகும் பெண்கள் உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு சொத்துக்கும் வில்லங்கச் சான்று எடுத்துக்கொள்ளுங்கள். கிரயப் பத்திர நகல்களை வாங்கி வையுங்கள். அடகு வைத்த நகையின் ரசீது, வீட்டுக் கடனுக்குக் கட்டிய தவணை, கணவர் அனுப்பிய பணத்தை என்ன செய்தீர்கள் என்று காட்டும் வங்கிக் கணக்குப் புத்தகம் எதையும் தூக்கிப்போட வேண்டாம். கணவர் வீட்டை விற்கப் போகிறார் என்று தெரிந்தால் இடைக்காலத் தடை கேட்டு மனுப் போடுங்கள், விற்ற பிறகு ஓடுவது பயன் தராது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை, உங்கள் பெயர் பத்திரத்தில் இல்லாவிட்டாலும் உண்டு. அது மாமியார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த வீடாகக் கருதப்படலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்புறம் நிலுவை. 125ஆவது பிரிவிலும் இப்போதைய 144ஆவது பிரிவிலும் தொகை தராதவருக்கு, ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால் தொகை தரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட்டாக வேண்டும். அவர் எப்படியும் கொடுத்துவிடுவார், பெரியவர்கள் பேசுகிறார்கள் என்று மூன்று வருடம் காத்திருந்தால், அந்த வழியில் கடைசி ஒரு வருடப் பணத்தை மட்டுமே கேட்க முடியும்.